பிர என்று தொடங்கும் வருஷம்

ஈராக் குவைத்துக்குள் புகுந்தது தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மறந்துபோன பிறகும் இது மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதே வருஷம் இரண்டு ஜேர்மனியும் ஒன்றானது, விண்வெளிக்குப் பெரிய தொலைநோக்கி போனது, தென்னாபிரிக்காவில் இருபத்தேழு வருஷம் மறியலில் அடைபட்டிருந்த தலைவர் வெளியே வந்தது எல்லாம் பன்னிரண்டு வயதில் நான் பாடமாக்கியவை. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய ஒருத்தி என்னோடு கதைப்பதில்லை.

அவள் கௌசி. சுருவிலில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி, தன் பெரியம்மாவின் காணியில் தாயோடு இருந்தாள். அவர்களின் சொந்த இடம் மண்டைதீவு. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அங்கே இராணுவம் நடத்திய சுற்றிவளைப்பில் கௌசியின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். கௌசி அப்போது தாயின் வயிற்றில் இருந்தாள். அந்த மனிசி பிறகும் பொட்டு அழிக்கவில்லை, தாலி கழற்றவில்லை. அதற்கும் ஊரில் கதை சொன்னார்கள். பொட்டை அழித்திருந்தால் அதற்கு வேறொரு கதை சொல்லியிருப்பார்கள்.

என்னுடைய அப்பா அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த இலிகிதர். ஊரில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் படலையைத்தான் திறப்பார்கள். சிலர் படலையைத் திறந்து உள்ளே வருவார்கள். சிலர் திறக்காமலே வெளியில் நிற்பார்கள். யார் வரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கௌசியின் அம்மா நிற்கிறவர்களில் ஒருத்தி.

எங்கள் ஏழாம் வகுப்புக்குப் பட்டணத்திலிருந்து புதிதாக ஒரு ரீச்சர் வந்தா. சண்டை ஓய்ந்திருந்த காலம், எல்லோருக்கும் ஏதாவது கண்காட்சி வைக்கவேணும் போலிருந்தது. 'நான் பிறந்த ஆண்டில் உலகம்' என்று ரீச்சர் தலைப்புக் கொடுத்தா. இடம்பெயர்ந்து படிப்புக் குழம்பியதால் எங்கள் வகுப்பில் தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் கலந்திருந்தன. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தா. நான் தொண்ணூறு அணிக்குத் தலைவி. கௌசி தொண்ணூற்றொன்றுக்குப் போனாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே வடிவான எழுத்து கௌசியுடையது. அவள் எழுதினால் எங்கள் அணிதான் முதலாவது. அவளுக்கும் அந்தப் பிரிப்பு பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு.

"நான் வயித்திலை இருக்கேக்கைதான் அப்பாவைப் பிடிச்சவங்கள் எண்டு அம்மா சொல்லுறவ. பிடிச்சது தொண்ணூறு ஆவணி. பிறகு எப்பிடி நான் தொண்ணூற்றொண்டு கார்த்திகையிலை பிறக்கிறது?" என்று என்னிடம் கேட்டாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். பதினைந்து மாதம் வந்தது. பிள்ளை வயிற்றில் எத்தனை மாதம் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் திடமாகத் தெரியாது. ஆனால் பதினைந்து கொஞ்சம் கூடத்தான் என்று பட்டது.

ரீச்சரிடம் போய் அவள் இன்னொன்றும் கேட்டாள். அப்பாவைப் பிடித்ததையும் தொண்ணூறாம் ஆண்டுப் பட்டியலில் எழுதலாமோ என்று. குவைத்தும் அதே மாதம்தானே.

ரீச்சர் கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்தா. "உலகம் எண்டால் வெளியுலகம், பிள்ளை. எங்கடை வீட்டுக் கதையள் இதுக்கை வேண்டாம்."

உலகம் கடலுக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது என்று நான் அன்றைக்குப் படித்தேன். அதையும் நம்பினேன்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் கேட்கப் போனேன். கௌசியின் பிறப்பைப் பதிய விண்ணப்பம் நிரப்பியவர் அவர்தான். பெரிய நியாயம் கேட்கப் போனதாக நினைக்க வேண்டாம். எனக்கு அவளுடைய எழுத்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கௌசி பிறந்தபோது பதிவு செய்ய ஒரு கந்தோரும் திறந்திருக்கவில்லை. யாரோ ஒரு சாத்திரியார் அகதி முகாமில் வைத்து ஒரு கடதாசியில் அவளுடைய சாதகத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு இடம்பெயர்ந்து படகில் கிளாலிக் கடலைக் கடந்தபோது அந்தக் கடதாசி நனைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய நேரம் தாய் அதைத்தான் எங்கள் படலைக்குக் கொண்டுவந்தா. கார்த்திகை என்ற மாதம் தெரிந்தது. நட்சத்திரம் தெரிந்தது. வருஷத்தின் பெயரில் 'பிர' என்ற இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது, மிச்சம் நீல மையாகப் பரவிக் கிடந்தது.

தமிழ் வருஷங்களில் தொண்ணூறு பிரமோதூத. தொண்ணூற்றொன்று பிரசோற்பத்தி. இரண்டும் பிர தான். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆறு வயதுப் பிள்ளையாக வளர்ந்திருந்தவளுக்கு ஐந்து வயதென்று கணித்து, பிரசோற்பத்தி என்று முடிவு கட்டினார். பெற்றவளைக் கேட்டிருக்கலாம். அவ பத்தடி தூரத்தில் படலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றா. அப்பா கேட்கவில்லை. படலைக்கு வெளியே நிற்கிறவர்களிடம் அவர் கையெழுத்து மட்டும்தான் கேட்பார்.

பதினைந்து மாதக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதும் அப்பா அலுமாரியைத் திறந்து, பழைய கோவை ஒன்றிலிருந்து அந்தக் கடதாசியின் பிரதியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதிரையில் இருந்தார். உதடு அசைய எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார்.

"சேட்டிபிக்கற்றிலை என்ன கிடக்கோ அதுதான் வருஷம்" என்றார் கடைசியில். "ஆர் கேட்டாலும் தொண்ணூற்றொண்டு எண்டுதான் சொல்லவேணும் எண்டு அவளுக்குச் சொல்லு. மாறிச் சொன்னால் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப் போடுவினம்."

பிறப்புப் பதிவைத் திருத்தவும் ஒரு படிவம் இருந்தது. அது மேசை லாச்சியில் கட்டாகக் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அதை நிரப்பினால் முதற் படிவம் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா நிரப்பிய படிவம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்பது எங்கள் வீட்டுப் பெருமை. அந்தப் பெருமையைச் சோற்றோடு பிசைந்துதான் நானும் வளர்ந்தேன்.

நான் ஓடிப்போய்க் கௌசிக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிடுவார்கள் என்றதும் அவளுக்கு முகம் கறுத்துப்போனது. அதற்குப் பிறகு பதினைந்து மாதக் கணக்கை அவள் எடுக்கவேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒழுங்கையில் திடீரென்று நின்று, "எந்த வருஷம் பிறந்தனீர்?" என்று எங்கள் பள்ளி அதிபரின் குரலில் கேட்பேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழு ஆண்டையும் சொல்லுவாள். கண்காட்சியில் தொண்ணூற்றொன்று அணிதான் முதலாவது வந்தது. சோவியத் ஒன்றியம் பிரிந்ததை அவள் எழுதிய எழுத்தைப் பார்க்க வேலணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பொறாமையில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சில மாதத்தில், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. கௌசியின் அம்மா பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். மனுவை எழுதிக் கொடுத்தவர் அப்பா. கணவனைப் பிடித்தது தொண்ணூறு ஆவணி, மகள் பிறந்தது தொண்ணூற்றொன்று கார்த்திகை. இரண்டையும் ஒரே கடதாசியில், ஒரே பேனையால், அதே அழகான எழுத்தில் எழுதியிருந்தார். தெரிந்துகொண்டே எழுதினார். யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்களும் ஒருக்கால் வாங்கோ ஐயா, எனக்குக் கதைக்க ஏலாமல் போயிடும்" என்று அந்த மனிசி கும்பிட்டுக் கேட்டதால் அப்பாவும் போனார். கௌசி கேட்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெடியன். நடுவில் இருந்தவர் கடதாசிகளைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். முன்பக்கத்துக்குத் திரும்பிப் போனார். பிறகு கௌசியைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். பெடியன் தமிழில் சொன்னான், "நீர் எந்த வருஷம் பிறந்தனீர் எண்டு ஐயா கேக்கிறார்."

கௌசி எழும்பினாள். கையைப் பின்னால் கட்டினாள். "ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று" என்றாள். குரல் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது. கேட்காமலே மேலும் சொன்னாள், "சோவியத் ஒன்றியம் பிரிந்த ஆண்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். கௌசியின் அம்மா பாய்ந்து எழும்பினா. "இல்லை ஐயா, இவள் பிரமோதூத! அவரைக் கொண்டுபோய் மூண்டாம் மாசம் பிறந்தவள். பிரமோதூத, ஐயா!" மொழிபெயர்த்த பெடியனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. விளங்காததை விட்டுவிட்டு மற்றதை ஏதோ சொன்னான். பேனை நிற்கவில்லை. மனிசி திரும்பி அப்பாவைப் பார்த்தா. "நீங்கள் சொல்லுங்கோ ஐயா. உங்களுக்குத் தெரியும்தானே."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மனு தள்ளுபடியானது. கணவர் தொண்ணூற்றொன்றிலும் குடும்பத்தோடு இருந்திருக்கிறார், பிடிக்கப்பட்டதாகச் சொல்வது பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. ஊர் அதை வேறு விதமாக வாசித்தது. தொண்ணூற்றில் அவர் போனது உண்மையென்றால் தொண்ணூற்றொன்றில் பிறந்த பிள்ளை ஆருடையது என்று வஸ்சிலும் கிணற்றடியிலும் கேட்டார்கள். புருஷனையும் மானத்தையும் அந்த மனிசி ஒரே கடதாசியில் இழந்தா. அப்பாவைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சாகும்வரை படிவம் நிரப்பினார். அவருடைய செத்தவீட்டில் அவருடைய எழுத்தைப் புகழ்ந்து பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன், எழும்பிச் சொல்லவில்லை. கண்ணாடி துடைக்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

இதெல்லாம் பிறகு. அன்றைக்கு வஸ்சில் திரும்பி வரும்போது கௌசியின் அம்மா முன் சீற்றில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. புருஷனைத் தேடிப் போன நாள் என்பதால் அழுகிறா என்றுதான் நான் நினைத்தேன். கௌசி என் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் தாயின் முதுகையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு என் காதுக்குள் கேட்டாள்.

"நான் சரியாச் சொன்னனானோ?"

"ஓம்" என்றேன். "ஒரு பிழையும் விடேல்லை."