அப்பாவின் நூற்றேழு

வியாழக்கிழமை பின்னேரம் சரியாக ஐந்தே காலுக்கு விக்கெட் காப்பாளர் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். பிழை அங்கேதான் தொடங்கியது. அதுவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்பா பந்து வீசினார், சித்தப்பா அடித்தார், எனக்கு இருவரையும் பிடிக்கும் என்பதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலைக்கு நிற்கும் எங்கள் ஆட்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு. ஆகவே எங்கள் கிரிக்கெட்டும் வியாழக்கிழமைதான். பெல்லெகிரினோ மலையடியில் யாருக்கும் தேவைப்படாத ஒரு வெட்டை, டேப் சுற்றிய டெனிஸ் பந்து, இரண்டு துடுப்புகள். ஆனால் லீவு என்பது பெயருக்குத்தான். லிபெர்த்தாப் பக்கத்துப் பணக்கார வீடுகள் பலவற்றில் ஆறு மணிக்கெல்லாம் திரும்பிப் போய் இரவுச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். அதனால் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வேலைக்கு நேரமானவர் பாதியில் போகலாம், யாரும் குறை சொல்லக்கூடாது. துடுப்பெடுத்தாடுகிறவர் போனால், அடுத்த வியாழன் வந்து, முதலில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உலகம் முழுவதும் கிரிக்கெட் இப்படித்தான் ஆடப்படுகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த வெட்டையில் சதம் அடித்த ஒரே ஆள் என் அப்பா. நூற்றேழு ஓட்டங்கள். ஐந்தாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தங்கள் தகப்பன்மாரின் காரைப் பற்றிச் சொல்வார்கள். நான் நூற்றேழைச் சொல்வேன். கிரிக்கெட்டைக் கண்டிராத சிசிலிப் பிள்ளைகள், அப்பாவுக்கு ஏதோ நோய் என்பது போல இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. முந்திய மார்கழியில் வன்னியிலிருந்து நாடு நாடாக அலைந்து வந்து சேர்ந்தவர். போர்கோ வெக்கியோவில் எங்கள் இரண்டு அறை வீட்டின் குசினியில் படுப்பார். நாங்கள் எழும்ப முன்னரே பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, அதனால் வேலை இல்லை. வேலை இல்லை, அதனால் பெர்மெசோ இல்லை. அம்மா தொலைபேசியில் யாருக்கோ இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "தம்பிக்கு ஏதும் சரிவந்ததோ?" என்று கேட்கத் தொடங்கினால் சித்தப்பா குப்பை கொட்டப் போய்விடுவார். அந்த வருடம் எங்கள் குப்பைக்கூடை எப்போதும் வெறுமையாகவே இருந்தது.

ஐந்தரைக்கு அப்பாவும் போனார். அவர் பார்த்துக்கொண்ட கிழவருக்கு ஆறு மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும். "சித்தப்பாவோட நில். எட்டு மணிக்கு முந்தி வாறன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பந்தை ஸ்தாசியோனே மாமாவின் கையில் கொடுத்தார். ஸ்தாசியோனே மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. ரயில் நிலையத்துப் பக்கம் குடியிருந்ததால் அந்தப் பெயர். அன்றைக்கு அவர்தான் அம்பயர். ஆள் குறைந்ததால் பந்தும் அவரே போட வேண்டிவந்தது. தானே பந்து போட்டு, தானே அவுட் கேட்டு, தானே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். மைதானத்தில் ஒவ்வொரு ஓவருக்கும் ஒருவர் குறைந்தார். போகிறவர்கள் சட்டையை மாற்றியபடியே கத்தினார்கள்.

"டேய் தம்பி, அவுட் ஆகித் துலையன்ரா! நான் போய்ப் பாஸ்தா அவிக்கோணும்!"

"ஆளில்லாத வளவிலை மாங்காய்க்கு எறியிறான் பாருங்கோ!"

சித்தப்பா துடுப்பில் சாய்ந்து நின்று சிரித்தார். "நீங்கள் போங்கோ அண்ணை. எனக்கு எங்கை போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொண்ணூறு தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா அவுட் ஆக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அதே நேரம் அவரிடமிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. எங்கள் வீட்டுக்குள் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் நடக்கிற மனிதர், துடுப்பைப் பிடித்தபோது தோள் விரிந்து வேறு யாரோ ஆகியிருந்தார். அவர் இவ்வளவு உயரம் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

நூற்றேழைக் கடந்த அடி வானத்துக்குப் போய், பந்து போடாத நேரங்களில் அப்பா நிற்கும் எல்லைக்கோட்டுப் பக்கம் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. அப்பா நின்றிருந்தால் கட்டாயம் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கைகள் என்னைக் கேளாமல் தட்டத் தொடங்கியிருந்தன.

மிஞ்சியிருந்தவர்கள் நான்கு பேர். அவர்களுக்குள் உடனே சண்டை.

"இது கணக்கில்லை," என்றார் ஸ்தாசியோனே மாமா. "நாலு பேருக்கு எதிரா அடிச்சுப்போட்டு ரெக்கோர்டோ? பிள்ளையின்ர அப்பா பதினொரு பேருக்கு எதிரா அடிச்சவர்."

"ஓம், அடிச்சவர்தான்," என்றார் இன்னொருவர். "ஒரு வியாழன் அறுபது. பிறகு போய் ஒரு கிழமை நித்திரை கொண்டு, நல்லாச் சாப்பிட்டிட்டு வந்து மற்ற வியாழன் மிச்சம். அதுக்கு மட்டும் சட்டம் இருக்கோ?"

அப்பாவின் நூற்றேழு இரண்டு துண்டுகளாக இருந்தது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரே மூச்சில் அடித்த ஒன்றாகவே அதை நான் பள்ளிக்கூடமெல்லாம் சுமந்து திரிந்திருக்கிறேன். எதை நம்புவது, யாருக்காகக் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். சித்தப்பா விக்கெட் குற்றிகளைப் பிடுங்கி ஒன்றாகக் கட்டினார். சண்டை முடியவில்லை. நேரம் போய்விட்டதால் நான்கு பேரும் கலைந்தார்கள்.

நாங்கள் இருவரும் வெட்டை ஓரத்துச் சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்தோம். மலைக்கு மேலே வெயில் இன்னும் இருந்தது. சித்தப்பா பந்தில் கிழிந்த டேப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா கோவிப்பாரோ பிள்ளை?"

"ஓம்," என்றேன்.

அவர் டேப்பைக் கடைசித் துண்டுவரை உரித்து முடித்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகன். அவன் இங்கேயே பிறந்தவன், இங்கேயே படித்தவன், தமிழைவிட இத்தாலியன் நன்றாகப் பேசுவான். ஹோட்டல் வேலை முடிந்து மூன்று மாதமாக வீட்டில் நிற்கிறான். போன கிழமை ஒருநாள் விளையாடப் போனவன் இருட்டும்வரை திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் செருப்பு மாற்றாமல் ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்று பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். "ஏனடா இன்னும் நிக்கிறாய்?" என்று கேட்டதற்கு, "சும்மா அம்மா. வீட்டை வந்து என்ன செய்யிறது?" என்றான். வீட்டில் நெருப்புப் பிடித்தவள் போல இன்னும் பதறிக்கொண்டிருக்கிறேன். சித்தப்பாவுக்கு இருந்தது போல அவனுக்கு ஒரு அண்ணன் இல்லை.

அன்று அப்பா எட்டு மணிக்கு முன்னரே வந்தார். பஸ்ஸால் இறங்கி ஏறக்குறைய ஓடிவந்தார், வேலை வீட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கோபத்தில்தான் ஓடிவருகிறார் என்று முடிவுகட்டி நான் சித்தப்பாவின் பின்னால் ஒளிந்தேன். சித்தப்பா எழுந்து நின்று, "அண்ணா, உங்கட நூற்றேழு..." என்று தொடங்கினார். அப்பா கையை உயர்த்தி அதை நிறுத்தினார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சித்தப்பா சீமெந்துக் கட்டின் மேல் திரும்ப உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் சாதனையை முறியடித்தவரை அப்பா ஆட்டத்திலிருந்தே துரத்திவிட்டார், இனி அந்த வெட்டையில் யாரும் அவரைத் தாண்ட முடியாது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது; கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பல வருடங்கள் அப்படியே வைத்திருந்தேன். அப்பா சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, உனக்கு வேலைக்கு ஒரு வீடு கிடைச்சிருக்கு. நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ர தமையன் வீடு. நாளைக்கே போகோணும், அங்கையே தங்கி நிக்கோணும். பெர்மெசோவுக்குக் கையெழுத்து வைப்பினம். ஆனால் ஒண்டு, வியாழக்கிழமை லீவு தரமாட்டினம். இனி விளையாட்டை மறந்திடு."