பதினாறாம் வரிசை கருகவில்லை

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், வியாழக்கிழமை. காலையில் பனி இறங்கியிருந்தது, காற்று இல்லை, ஒன்பது மணியாகியும் வெயில் ஏறவில்லை. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பெருகுவதற்கு இதைவிட ஏற்ற வானிலை கிடையாது. ஆயினும் ஹப்சிகுடாவை அடுத்த ஆராய்ச்சிப் பண்ணையில், தட்டைப்பயற்றின் பதினாறாம் வரிசை பச்சைப்பசேலென நின்றது. அதுவே செலினுக்கு வினையாயிற்று.

செலின் மல்காஜ்கிரியில் வசித்தவர். இரயில்வே பணிமனையில் வேலைபார்த்துக் காலமானவரின் மனைவி. பதினோர் ஆண்டுகளாக அப்பண்ணையில் தினக்கூலி. நிரந்தரமாவோர் பட்டியலில் அவ்வாண்டு அவர் பெயர் முதலாவது. உடன் வேலைசெய்த டோரிஸின் பெயர் இரண்டாவது. இடம் ஒன்றே.

எந்த ரகம் அசுவினியைத் தாங்கும் என்று கண்டறிவதே அங்குள்ள வேலை. செடிக்கு ஐந்து பூச்சிகளைத் தூரிகையால் எடுத்து விட வேண்டும். பிறகு வாரந்தோறும், செடியைத் தொடாமல், உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக எண்ண வேண்டும். பூச்சி பெருகாத ரகம் தேறியது. ஒப்பிடுவதற்காக, எளிதில் பூச்சிக்கு இரையாகும் ரகம் ஒன்றையும் இடையிடையே விதைப்பார்கள். அது கருகியே ஆக வேண்டும். மற்றப் பெண்களின் பகுதிகளில் அது கருகியும் விட்டது. செலினின் பகுதியில் அதை விதைத்தது அவ்வாண்டுதான் முதன்முறை; அதுவே பதினாறாம் வரிசை.

செலினுக்குப் பார்வை மங்கியிருந்தது. தெரிந்தால் மருத்துவச் சோதனையில் தள்ளிவிடுவார்கள் என்று அஞ்சி, அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கொழுந்தை விரல்களுக்கிடையே உருட்டி, தட்டுப்பட்டதை எண்ணிச் சொன்னார். எண்ணிய பூச்சிகள் எண்ணும்போதே நசுங்கின. ஆகவே, அவர் பகுதியில் விதைத்த ரகங்கள் எல்லாம் தேறின. அவற்றுள் ஒன்றின் விதை மறுமாதம் உழவர்களுக்குப் போகவிருந்தது. மூட்டைகள் கொட்டகையில் ஆயத்தமாக இருந்தன.

ஆய்வாளர் நாராயணஸ்வாமி பதினாறாம் வரிசையைக் குனிந்து பார்த்தார். இலையடியில் நசுங்கிய கறைகள். பெண்கள் அனைவரையும் வரப்புக்கு அழைத்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி, எல்லார் முன்னிலையிலும் குழாயடியில் கழுவிவிட்டு வந்தார்.

“செலின், கையைப் பின்னால கட்டிக்கோ. இதுல எத்தனை, எண்ணு.”

செலின் கண்களைச் சுருக்கினார். முகத்தை அருகே கொண்டுபோனார்.

“நக்கோக்கா, வேணாம், தொடாதே! சார் பாக்கறாரு,” என்றார் டோரிஸ். ஐந்தாண்டுகளாகச் செலினோடு ஒரே டப்பாவில் உண்டவர் அவர்.

“முப்பத்திரண்டு, சார்.”

பெண்கள் சிரித்தனர்.

“ஒண்ணுகூட இல்லம்மா. இப்பதானே கழுவிட்டு வந்தேன்!” நாராயணஸ்வாமியும் சிரித்தார். “எதிர்ப்புச் சக்தி செடியில இருக்குன்னு பாத்தா, உன் விரல்ல இருந்திருக்கு. பேசாம உன்னையே நட்டுடலாம் போல.”

மறுபடியும் சிரிப்பு.

“வரப்புல தினமும் தடுக்கி விழும்போதே நெனச்சேன், சார்,” என்றார் டோரிஸ். “ரெண்டாவது பேரு என்னுதுதான், சார்.”

“தெரியும், போ.”

மற்றவர்கள் கலைந்தபின், நாராயணஸ்வாமி குரலைத் தணித்தார்.

“லிஸ்ட்ல உன் பேரு இனிமே கிடையாது. அது முடிஞ்சது. ஆனா, இந்த சீசன் மட்டுந்தான் கண் தெரியலன்னு சொல்லு. முந்தின ரெண்டு வருஷத்து முடிவு பிழைச்சுக்கும், விதையும் திட்டப்படி உழவங்களுக்குப் போயிடும், நீயும் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கலாம். இந்த சீசனுக்கு முன்னாலேருந்தேன்னா, எல்லாம் குப்பை. நாளையிலிருந்து உனக்கு இங்க வேலை இல்ல. யோசிச்சுச் சொல்லு. எப்பலேருந்து கண் தெரியல?”

செலின் கொட்டகையிருந்த திசையில் முகத்தைத் திருப்பினார். மூட்டைகள் அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டிய கைகளை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

“மூணு வருஷமா, சார்.”