வாய்க்கூடு போட்ட பசு

மாட்டுச் சந்தை வாசலில் கால்நடைப் பரிசோதகராக அவள் வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு மாடும் அவள் கைக்குத் தப்பி உள்ளே போனதில்லை. காதைத் திருப்பி அடையாள வில்லையைப் பார்ப்பாள், வாயைத் திறந்து நாக்கை இழுப்பாள், மடியை அழுத்துவாள். என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று மேலதிகாரி மெச்சிக்கொள்வார். கடமையாவது கத்தரிக்காயாவது! அவள் காத்திருந்தது ஒரே ஒரு ஆளுக்காக.

அந்த ஆளுக்குச் சந்தையில் சர்க்கரைத் தரகர் என்று பெயர். பேச்சு அப்படி இனிக்கும். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தேனொழுகப் பேசி அவள் அம்மாவின் தலையில் ஒரு சீக்குப் பசுவைக் கட்டிவிட்டார். அது கொண்டுவந்த கோமாரி கொட்டகையிலிருந்த கன்றுகளை வாரிக்கொண்டு போனது. மிச்ச மாடுகளுக்கும் பால் வற்றியது. நியாயம் கேட்கப் போன அம்மாவிடம், சந்தையே வேடிக்கை பார்க்க, "கண்ணைத் தொறந்து வெச்சுட்டுத்தானே வாங்கினே?" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்து மகளைப் படிக்கவைத்தாள். மகள் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

நோயுள்ள மாட்டை விற்கக் கொண்டுவந்தால் முதல் தடவை அபராதம். மறுபடி பிடிபட்டால் தரகு உரிமமே போய்விடும், அப்புறம் எந்தச் சந்தையிலும் கால் வைக்க முடியாது. சட்டம் அப்படி. போன வருஷம் மடிவீங்கிய எருமையோடு சர்க்கரை ஒருமுறை சிக்கினார். கொசு கடித்த மாதிரி அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார். அவளும் சிரித்த முகத்தோடுதான் ரசீதைக் கொடுத்தாள்.

இன்று ஒரு பசுவோடு வந்து நின்றார். கொம்பில் எண்ணெய் மினுமினுத்தது. வாயில் கயிற்றுக்கூடு. இது எதற்கு என்று கேட்டதற்கு, சரியான தீனிப்பண்டாரம், வழியில் கண்டதையெல்லாம் மேய்ந்துவிடும் என்றார். தன் வாயாலேயே கெட்டார் மனுஷன்.

அவள் கூட்டை அவிழ்த்து ஒரு பிடி வைக்கோலை நீட்டினாள். தீனிப்பண்டாரம் அதை முகர்ந்தது, கவ்வியது, வலி பொறுக்காமல் கீழே போட்டது. எச்சில் நூலாக வடிந்தது. நாக்கை இழுத்துப் பார்த்தாள். முழுக்கக் கொப்புளம். அதே கோமாரி. பசுவை நினைத்துப் பாவமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பசுவைத் தனிக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, உரிமத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்கம்மா. தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமயா? கண்ணைத் தொறந்து வெச்சுட்டுத்தானே ஓட்டிட்டு வந்தீங்க?"

சர்க்கரையின் முகம் கறுத்தது. அது அவருடைய வசனம். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்த வசனம். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த வீட்டுப் பொண்ணு?"

அம்மாவின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"இனிமே உங்களுக்குச் சந்தை இல்ல, நேரம் நெறைய இருக்கும். உக்காந்து ஒவ்வொரு வீடா யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாட்டின் காதைத் திருப்பினாள்.