டேப்பு அண்ணன் தைத்துக் கொடுத்த ரிப்பன்

என் அண்ணன் தையல்காரர். தெருவில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர். குளித்துவிட்டு வந்தால் துண்டுக்கு முன்னால் அளவு டேப்பைத்தான் தேடுவார். தொழிலில் சுத்தம், வாயில்தான் அது கிடையாது. ஒரு சட்டை கெட்டுப்போனால் துணி மோசம், ஊசி மோசம், கரண்ட் மோசம், பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் நான் மோசம். அவர் மட்டும் சொக்கத் தங்கம்.

அவருக்கு ஒரே பெண். தாயில்லாப் பிள்ளை, வயதுக்கேற்ற உயரமும் இல்லை. ஆனால் உடம்பு ரப்பர். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொண்டாள். வளையம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். பந்து முதுகில் உருண்டு வந்து உள்ளங்கையில் உட்காரும். ரிப்பன்தான் வழிக்கு வரவில்லை. குச்சி முனையில் தொங்கும் அந்த நீள நாடா ஆட்டம் முடியும்வரை காற்றில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இவளுக்கோ அதன் வால் தரையைக் கூட்டும், காலைச் சுற்றும்.

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. இவள் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. முக்கியமாக, அப்பன் வாயிலிருந்து தப்பித்துவிடலாம்.

"ரிப்பன்ல சொதப்பினா எல்லாம் போச்சு. கையை இன்னும் தூக்கு" என்றாள் கோச். இவளும் தோள் வீங்கும்வரை தூக்கினாள். "தண்டச்சோறு, ஒரு நாடாவைத் தூக்க வக்கில்ல" என்று வீட்டில் அண்ணன் தன் பங்குக்குக் கொட்டினார்.

கடைசி வாரம் திடீரென்று ரிப்பன் படிந்தது.

"அத்தை, கை வந்துடுச்சு அத்தை! பாரேன், கீழ படவே மாட்டேங்குது!"

குதித்துக் குதித்துக் காட்டினாள். என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது.

தேர்வு நாளன்று நானும் அண்ணனும் கூடப் போயிருந்தோம். ஆடுவதற்கு முன் எல்லோருடைய சாமான்களையும் அளந்தார்கள். அதிகாரி இவள் ரிப்பனைத் தரையில் போட்ட கோட்டோடு நீட்டிப் பார்த்தார். ஒரு முழம் குறைந்தது.

"யாரும்மா வெட்டினது? தெரியாம நடந்திருந்தா சொல்லு, வேற ரிப்பன் தர்றோம். ஏமாத்தறதுக்குன்னு நீயே வெட்டியிருந்தா வெளிய போக வேண்டியதுதான்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தனக்குக் கை வரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று.

நான் குனிந்து பார்த்தேன். ரிப்பனைக் குச்சியில் மாட்டும் முனையில் வெட்டி, மடித்து, பழையபடியே தைத்திருந்தது. அண்ணன் தையல் எனக்குத் தெரியாதா? பேன்ட் நீளமென்றால் வெட்டி மடித்துத் தைத்தே பழகிய மனுஷன், பெண் குட்டையென்று ரிப்பனையும் அதே மாதிரி செய்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. 'விவரம் தெரியாம நான்தான் செஞ்சேன் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் ஆடப் போயிருப்பாள்.

மாறாக, பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தார். "என் கத்தரியைத் தொட்டியாடி? மானத்தை வாங்கிட்டியே!"

"அண்ணே, நாக்கு கூசலையா? இது உன் தையல்!" என்று கத்தினேன்.

"மருமகளுக்கு வக்காலத்து வாங்கறா சார், கண்டுக்காதீங்க."

அதிகாரி அவளிடமே கேட்டார். "சொல்லும்மா, நீயா வெட்டின?"

அண்ணனின் கை இன்னும் இறங்கவில்லை. அவள் ஆமென்று தலையாட்டினாள். அவ்வளவுதான், பெயரை அடித்துவிட்டார்கள்.

இப்போது எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்து பேன்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அதே பாட்டைப் பாடுவார். "இவ மட்டும் அன்னைக்குத் திருட்டுத்தனமா ரிப்பனை வெட்டாம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா." சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார், பாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று ரவிக்கை வாங்க வந்த டீச்சர் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "ஏம்மா, நெஜமாவே நீதான் வெட்டினியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"ஆமா டீச்சர். எனக்குக் கை வரல."