றீற்றா அக்கா நிறுத்திய நெருப்பு

பரந்தனில் என் பழைய இரும்புக் கடையில் லொறிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் வாசலில் நின்றது. சாரதி இறங்கவில்லை. "றீற்றா அக்கா விடிய மோசம் போயிட்டா அண்ணை" என்று சாவுச் செய்தி சொன்னான். ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். வியாபார நேரத்தில் நான் அப்படிச் சொல்கிறவன் அல்ல.

குப்பைமேட்டின் மேற்பார்வையாளராக அவரை உங்களில் பலர் அறிவீர்கள். கொக்கிளாயில் கடற்றொழில் வீட்டில் பிறந்தவர். காலையில் வந்ததும் முதலில் காற்றைப் பார்ப்பார். எந்தப் பக்கம் கொட்டினால் பொலித்தீன் பறந்து வயலுக்குப் போகாது என்று தெரிந்த பிறகுதான் வண்டியை உள்ளே விடுவார். அடுத்தது கழிவுநீர் வடிகிற கான். அதைச் சுற்றி ஒரு நடை. அன்று கொட்டியதைப் பொழுதுபடுமுன் கிரவல் மண்ணால் மூடியாக வேண்டும். மண் தள்ளும் பெக்கோ இயந்திரத்தின் சாரதி முணுமுணுத்தால், "சோத்துப் பானையைத் திறந்துபோட்டுப் படுப்பியே? வீட்டில நாய் வரும். இஞ்ச யானை வரும்" என்பார். அந்தக் குரல் இல்லாத மேட்டை என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு கோடையில் மேடு புகையத் தொடங்கியது. ஓரிடத்தில் அணைத்தால் பக்கத்தில் பிடிக்கும். புகை ஊருக்குள் போய்ப் பிள்ளைகள் இருமினார்கள். மேட்டைப் பூட்டச் சொல்லி ஊரவர்கள் வழியை மறித்தார்கள். பூட்டினால் குப்பை குளக்கட்டுக்குத்தான் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். நெருப்பின் காரணமும் தெரியும். செம்பு எடுப்பதற்காகப் பழைய வயர்களை ஆட்கள் மேட்டின் ஓரத்தில் எரித்தார்கள். அந்தச் செம்பை வாங்குகிறவன் நான்.

நேரே கடைக்கு வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு, தாங்க முடியாத நாற்றம். வாடிக்கையாளர் கதிரையில் ஆறுதலாக அமர்ந்தார்.

"உங்கட தராசுதான் தம்பி என்ர குப்பைக்கு நெருப்பு வைக்குது. கருகின கம்பி வாங்காதேங்கோ."

நான் விட்டால் மாங்குளத்தார் வாங்குவார் என்றேன். மாங்குளத்தில் இதே தொழில் செய்கிறவர். எனக்கும் அவருக்கும் கதை பேச்சு இல்லை.

"அவர் நேற்றே ஓமெண்டிட்டார். நீங்கள்தான் மிச்சம்."

அவரே விட்டபிறகு ஊர் வாயில் நான் மட்டும் விழுவதா? சம்மதித்தேன். அக்கா எழும்பிப் போன பிறகும் நாற்றம் போகவில்லை. கருகிய கம்பிக்கு ஆளில்லை என்றானதும் எரிப்பது நின்றது. கத்தியால் தோல் சீவிய கம்பி வரத் தொடங்கியது. ஊரவர்களும் வழியை விட்டார்கள்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்ததும் மாங்குளத்தார் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்கள் முதல் ஓமெண்டபடியாத்தானே நானும் விட்டனான். இனி எப்பிடி?" என்று மெல்லக் கேட்டார்.

"நானோ? நீங்கள்தான் முதல் எண்டெல்லோ அவா சொன்னவா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். செத்தவீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனால் அடக்க முடியவில்லை. அவருக்குக் கண்ணும் கலங்கியிருந்தது. தான் இனியும் வாங்கப் போவதில்லை என்றார். நானும் அதையே சொன்னேன்.

போன கிழமை, முறிகண்டிப் பக்கம் புதிதாகக் கடை போட்டவர் ஒருவர் வந்து கருகிய செம்பின் விலை விசாரித்தார். "பரந்தனிலயும் வாங்கிறேல்லை, மாங்குளத்திலயும் வாங்கிறேல்லை. நீங்கள்தான் மிச்சம்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்தக் கதையைத்தான். அவர் என்னிடம் சொன்னபோது அது பொய். நான் சொல்லும்போது உண்மை.