ஆடி மாதத்தில் நான்கு ஸ்டூல்கள்

நான் வேலை செய்யும் பட்டுக் கடையில் முதல் விற்பனை ஆகும்வரை கவுண்டரில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் போணி ஆகாது என்பது முதலாளியின் தகப்பனார் காலத்து நம்பிக்கை. போணி ஆனதும் உட்காரலாமே என்றால், அதற்குள் கூட்டம் ஏறிவிடும். கல்யாண மாதங்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. ஆடியில்தான் உறைக்கும். கீழ்த்தளத்தில் தள்ளுபடிப் புடவைக்கு ஜனம் முட்டி மோதிக்கொண்டிருக்க, மூன்றாம் தளத்தில், முகூர்த்தப் பட்டுப் பிரிவில், ஒருவரும் வரமாட்டார்கள். ஆடியில் யார் முகூர்த்தப் புடவை எடுப்பார்கள்? ஆகவே போணி ஆகாது. போணி ஆகாததால் நாங்கள் எட்டுப் பெண்களும் ஆளில்லாத தளத்தில் லிஃப்ட் கதவைப் பார்த்தபடி நாள் முழுக்க நிற்போம்.

நான் ஏனாத்தூரிலிருந்து வருகிறவள். காலையில் அங்குள்ள கல்லூரியில் மாணவர்களை இறக்கிவிட்டு நகரத்துக்குத் திரும்பும் பஸ் காலியாக இருக்கும். அதில் பதினெட்டு நிமிடம். சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். பகலில் நான் உட்காரும் நேரம் அவ்வளவுதான். இடது காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாள் வேலைக்குப் போனதையும் எழுதினேன்.

பன்னிரண்டு வருட நாட்குறிப்புகளைப் புரட்டினால் கடைப் பெண்கள் பெற்றதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் தளத்திலேயே கழிப்பறை வந்தது. அதற்கு முன்பு மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் பின்பக்கம் போக வேண்டும், திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். பிறகு, அவசரத்துக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசும் அனுமதி. பிறகு, சாப்பிட ஒரு தனி அறை. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு பெண்தான் முதலில் கேட்டாள். கேட்டவர்களில் யாரும் அடுத்த வருடம் கடையில் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். நான் தேதிகளை மட்டும் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை.

நான் சொல்ல வந்தது என்னுடன் நின்றவளைப் பற்றி. அவள் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் தளத்தின் ஒரே முஸ்லிம் பெண். கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். புர்காவோடு கவுண்டருக்கு வரக் கூடாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு மேலே ஏறுவாள். அவள் தோளில் போட்டுக் காட்டிய புடவையை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில் அவள் பெயரைக் கேட்டார். கேட்டதும், "வேற யாரையாவது காட்டச் சொல்லுங்க" என்றார். அவள் புடவையை என் கையில் கொடுத்து, "நீங்க போடுங்கக்கா. உங்க தோளுக்கும் இன்னிக்கு யோகம்" என்றாள். நான் வாங்கிப் போட்டுக் காட்டினேன்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. தளத்துக்கு நான்கு என ஸ்டூல் வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மொட்டைமாடிக் குடோனில் போட்டார்கள். இப்போது முடிந்த ஆடியில் இரண்டாவது புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, அவை முதல்முறையாக எங்கள் தளத்துக்கு இறங்கின. பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"மத்தியானம் லேபர் ஆபீஸ்லேர்ந்து வராங்க. ஏம்மா, உன் கையெழுத்துதான் நல்லா இருக்குது. ஒரு நோட்டுல எழுதி எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கிடு" என்றார் என்னிடம். தளத்தின் வருகைப் பதிவேட்டையும் நான்தான் எழுதுகிறேன். எழுதவேண்டியதை அவரே சொன்னார்: பணியாளர்கள் அனைவரும் வேலை நேரத்தில் இருக்கையைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

என் பேனா நகரவில்லை. நடக்காத ஒன்றை நான் எழுதியதில்லை. அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "இப்படிப் போடலாங்களா சார்?" என்று எழுதிக் காட்டினேன்: மூன்றாம் தளத்தில் பெண் பணியாளர்களுக்காக நான்கு ஸ்டூல்கள் உள்ளன.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுவே போதும்மா. இன்னும் நல்லா இருக்குது."

பொய் எழுதாமல் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி. அது பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. ஆறு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அவள் மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லக்கா. அதான் பயமா இருக்குது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "பொய்யா இருந்தா நாளைக்கு யாராச்சும் கண்டுபிடிப்பாங்க. இத எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"கையெழுத்துதானே. போட்டுட்டுப் போ. உனக்கு எதுக்கும்மா வம்பு? நீ ஜாக்கிரதையா இருக்கணும்."

"ஏன்க்கா, நான் மட்டும்?"

நான் ஸ்டூல்களைச் சரியான இடைவெளியில் நகர்த்தி வைக்கப் போய்விட்டேன். பதில் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மேனேஜர் பன்னிரண்டு மணிக்கு நோட்டைப் பார்த்தார். ஏழு கையெழுத்து. அவளைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்: "கடை மூடுறதுக்குள்ள போட்டுடு. இல்லாட்டி நாளைக்கு வராதே. இந்த ஊர்ல வேற எந்தப் பட்டுக் கடை உன்னை எடுக்குதுன்னு பாக்கலாம். இப்ப குடோனுக்குப் போய் பழைய டிசைனெல்லாம் பிரிச்சு அடுக்கு. கூப்பிடற வரைக்கும் கீழ இறங்காதே."

குடோனுக்குத் தகரக் கூரை. ஆடி வெயில். அவள் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு அறையில் அவளுடைய டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. நான் இரண்டு வாய் சாப்பிட்டு என்னுடையதை மூடினேன்.

அதிகாரி மூன்று பத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண். ஸ்டூல்களை எண்ணினார். நோட்டை வாங்கிப் படித்தார்.

"எட்டு பேருன்னு சொன்னீங்க. ஏழு கையெழுத்துதான் இருக்குது?"

"ஒருத்தங்க லீவு மேடம்" என்றார் மேனேஜர்.

பக்கத்து மேசையில் என் பச்சை அட்டைப் பதிவேடு கிடந்தது. அவள் பெயருக்கு நேரே ஒன்பது ஐந்து என்று காலையில் நான் எழுதிய நேரம் அதில் இருந்தது. அதிகாரி அதைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் எடுத்து நீட்டிவிடலாம், நான் எதுவும் பேசவேண்டியிருக்காது. அவர் கேட்கவில்லை. நோட்டை மூடி, பைக்குள் இருந்து பேனாவை எடுத்தார். லிஃப்ட் பொத்தானுக்கு மேனேஜரின் விரல் போய்விட்டது.

"லீவு இல்ல மேடம்" என்றேன். என் குரல்தான் அது என்று நம்ப முடியவில்லை. "வந்திருக்காங்க. மேல குடோன்ல இருக்காங்க."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்தின் பின்பக்கம் சிவந்ததைப் பார்த்தேன்.

அவள் இறங்கி வந்தபோது முகமெல்லாம் வியர்வை, தலைமுடியில் தூசு. அதிகாரி ஒரு ஸ்டூலைக் காட்டி, "உட்காருங்கம்மா" என்றார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"இந்த ஸ்டூல் எத்தனை நாளா இங்க இருக்குது?"

"காலைல பத்தரையிலேர்ந்து மேடம்."

"அதுக்கு முன்னாடி எங்க உட்காருவீங்க?"

"ஷேர் ஆட்டோவுல மேடம்."

பின்னால் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "அவங்க சொல்றது சரியா?" என்றார். நான் நேரங்களைச் சொன்னேன். ஒன்பதேகாலுக்கு நிற்க ஆரம்பிப்பதிலிருந்து, சாப்பாட்டு இருபத்தைந்து நிமிடம், போணி வழக்கம், எல்லாம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நான் எழுதியதைவிட அது நீளமாக இருந்தது.

நான்கு மணிக்கு, இருக்கை தராததற்கு விளக்கம் கேட்டு மேனேஜரிடம் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அதிகாரி போய்விட்டார். ஐந்து மணிக்கு மேனேஜர் என்னிடம், "உன்கிட்ட இத எதிர்பார்க்கலம்மா" என்றார். அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நோட்டைப் பற்றியும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வேலை முடிந்து இறங்கும்போது, படித் திருப்பத்தில் அவள் புர்காவை மாட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வரலாமாக்கா, வேணாமா?"

"வா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் எட்டு நாற்பதுக்கே வந்துவிட்டேன். ஊழியர் வாசலில் வாட்ச்மேனுடன் மேனேஜர் நின்றிருந்தார். வழக்கமாக அவர் ஒன்பதரைக்குத்தான் வருவார். மேலே போய்ப் பதிவேட்டைப் பிரித்து எட்டுப் பெயர்களையும் எழுதினேன். ஒன்பது ஐந்துக்குள் ஏழு பேருக்கு நேரம் போட்டாகிவிட்டது. ஒன்பதேகாலைத் தாண்டினால் அரை நாள் விடுப்பு. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, அதில் அவள் இல்லை. அவளை வரச் சொன்னது நான், வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் பிள்ளைகளிடம் என்ன சொல்வாள்?

இரண்டாவது ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாட்ச்மேன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் போனைப் பார்த்தார். அவள் இருவருக்கும் நடுவே நடந்து உள்ளே வந்தாள். ஒன்பது பன்னிரண்டு என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். நான் உட்கார மூன்று நாள் ஆனது.

மாதக் கடைசியில் தளமாற்றப் பட்டியல் ஒட்டினார்கள். முதலில் அவள் பெயரைத் தேடினேன். மூன்றாம் தளத்திலேயே இருந்தது. லேபர் ஆபீஸ் நோட்டீஸில் அவள் பெயர் இருக்கிறது, அது முடியும்வரை அவளைத் தொட முடியாது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் என் பெயரைப் பார்த்தேன். கீழ்த்தளம், பேக்கிங்.

அங்கே ஐந்து பெண்கள் நின்றபடியே பெட்டி மடிக்கிறார்கள். ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. முதல் வாரம் சும்மா இருந்தேன். இரண்டாவது திங்கட்கிழமை ஒரு முழுத் தாளில் எழுதினேன்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், ஸ்டூல் இல்லை என்பது, அது எப்போது வரும் என்ற கேள்வி. ஐந்து பேரிடமும் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேலே என் பெயரை எழுதி, மேனேஜர் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

ஒன்பது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், டேப் ஒட்டும் என் கை அப்படியே நின்றுவிடுகிறது.