புதன்கிழமைக்கு ஒரு கைக்குழந்தை

டாக்டரிடம் போகிற பெண்ணை "என்ன வியாதி?" என்று கேட்பார்கள், எங்களிடம் வருகிற பெண்ணை "என்ன விஷயம்?" என்று கேட்பார்கள்.

கேரளத்தில் வடகரப்பதிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு சர்க்கார் சுகாதார மையத்தில், பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. ஒப்பந்த வேலைதான். இங்கே கொஞ்சம் படித்த மாதிரி பேசுகிற பெண் எவளும் "டீச்சர்", அதனால் நானும் டீச்சர். கணவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லில் இரவு ஷிப்ட். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, போட்டதை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்து, ஒன்பது மாத மகளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகுதான் நான் வெறும் ஒன்றாம் வகுப்பு என்று தெரிந்தது. இதே மாதிரி அறையில், இதே மாதிரி ஆடுகிற நாற்காலியில், யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பலகையில் சிரிப்பவர்கள்

மேலிடத்திலிருந்து என் அறைக்கு ஒரு பலகை வந்தது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் பள்ளிக்கூடப் பையோடு பக்கம் பக்கமாக நின்று சிரிக்கிறார்கள். கீழே மலையாளத்திலும் தமிழிலும் விவரம். விவரத்தை யார் படிக்கிறார்கள்? அறைக்கு நேர் எதிரே பால் சொசைட்டி. ஊரே கேனும் கையுமாக வரிசையில் நிற்கிற இடம். பால் ஊற்றக் காத்திருக்கிற நேரத்தில் பார்ப்பதற்கு எங்கள் பலகையை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை.

மாட்டிய இரண்டொரு நாளில் ஒரு பெரியவர் வந்தார். செருப்பை வாசலில் விட்டார், ஆனால் உள்ளே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், ஓடிப்போற பசங்களுக்கு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கறது இங்கதானுங்களா? என்ற தம்பி மவ பேரு இருக்குதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கேரம் போர்டு

ஆள் வரவில்லை என்று மேலே எழுதினேன். இளைஞர்களைக் கவரும்படி ஒரு கேரம் போர்டு அனுப்பினார்கள். கவர்ந்தது. பள்ளி விட்டதும் நாலைந்து பையன்கள் வந்து, விளக்கு வைக்கிற வரைக்கும் ஆடினார்கள். பவுடர் டப்பா மட்டும் வாரம் ஒன்று தீர்ந்தது. பவுடர் போர்டுக்குப் போகிறதா, முகத்துக்குப் போகிறதா என்று நான் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தூக்கம் எப்படி, மனசு எப்படி, புகையிலை கிகையிலை உண்டா என்று ஆரம்பித்தேன். காய்கள் அப்படியே நின்றன. அவர்களில் மூத்தவன் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு நியாயமாகவே பேசினான்: "கேள்வி மட்டும் கேக்காம இருந்தீங்கன்னா டீச்சர், இன்னும் நாலு பேரைக் கூட்டியாறமுங்க. உங்களுக்கும் ஆள் வந்த மாதிரி ஆச்சு."

நீல மாத்திரை

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். நீல நிறம். பெண்கள் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நல்ல பிள்ளைகளாக வெளியே போவார்கள். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் மண்ணே நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைத் தின்றால் பின்னால் பிள்ளை உண்டாகாது என்று யாரோ வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருக்கிறார்கள்.

தாய்மார் கூட்டம் போட்டேன். முன் வரிசையில் கோகிலாவின் அம்மா. கணவர் இல்லை, மாடு வைத்துப் பால் ஊற்றி, ஒற்றை மகளைப் பதினோராம் வகுப்பு வரை கொண்டுவந்தவர். "அவ்வளவு நல்ல மாத்திரைன்னா நீங்க ஒண்ணு முழுங்கிக் காட்டுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால் ஒன்றை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கோகிலாவின் அம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உங்களுக்குத்தான் ஒண்ணு பொறந்தாச்சுங்களே டீச்சர். இனி நின்னு போனா என்னங்க நட்டம்?"

வயிற்றுவலி

நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெண்பிள்ளைக்கு அவர்கள் அனுமதித்த வியாதி ஒன்றே ஒன்று, வயிற்றுவலி. தலைசுற்றல், பயம், வீட்டு ஞாபகம், மாதவிடாய் எல்லாமே அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்தில் என் சுகாதார வகுப்பு முடிந்ததும் கோகிலா என் முன்னால் வந்து "வயித்துவலிங்க டீச்சர்" என்றபோது நான் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைச் சாத்தினேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதமாக வெளுத்திருந்தது. மாதவிடாய் தொடங்கினால் பாதி மாதம் நிற்பதில்லை, படியேறினால் கண் இருட்டுகிறது. "கல்யாணமானாச் சரியாப் போகும்" என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

புதன்கிழமை மையத்துக்குப் பெண் டாக்டர் வருவார், நீயும் வா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். போன வருஷம் அவளுடைய அத்தை மகள் என் அறைக்குள் போனதை வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்களாம். பேச்சு பெண் கேட்டு வந்த வீடு வரைக்கும் போய், அந்தச் சம்பந்தமே நின்றுபோனதாம். அப்படி அவளுக்கு என்னதான் வியாதி என்று கேட்டேன். முகப்பரு. கோகிலா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "செத்தாக்கூட நாலு நாளைக்குத்தான் பேசுவாங்க டீச்சர். அங்க வந்தாக் கல்யாணம் வரைக்கும் பேசுவாங்க."

ஒரே குழந்தை, வேறு வேறு இடுப்பு

புதன்கிழமைதான் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாளும். ஒரு புதன், பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி, கன்னத்தில் மச்சமுள்ள ஒரு குழந்தையோடு வந்தாள். ஊசி வரிசையில் நிற்காமல் என் அறைக்குள் நழுவினாள். ஏதோ கேட்டாள், பதில் சொன்னேன், போனாள். அடுத்த புதன், அதே மச்சம், அதே குழந்தை, வேறு பெண். பிள்ளை பிடிக்கிறவர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள் என்று அந்த மாதம்தான் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. கதவை மறித்து நின்றுகொண்டு, "யாருடைய குழந்தை இது?" என்று அதட்டினேன். அவள் அழுதேவிட்டாள். தோழியின் அக்கா குழந்தையாம். "இடுப்புல கொழந்தை இருந்தா யாரும் என்ன விஷயம்னு கேக்க மாட்டாங்க டீச்சர்." பால் வரிசையைக் கடப்பதற்கு அந்தக் குழந்தைதான் டிக்கெட். புதனுக்குப் புதன் கைமாறி வருகிறது.

ஊசி போடுகிற பிந்து சிஸ்டர் மலையாளி. தமிழ் பேசுவார், அவர் பாணியில். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் தொடையைத் தடவிப் பார்த்தார். "டீச்சரே, இந்தக் குட்டிக்கு இனி குத்தறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல. வேற குட்டியக் கொண்டுவரச் சொல்லு."

என் மகள் போன தெரு

கோகிலாவுக்கு வேற குட்டி கிடைக்கவில்லை. மச்சக் குழந்தையின் அம்மாவும் தர மாட்டேன் என்றுவிட்டார். மயங்கி விழுகிற பெண்ணின் இடுப்பில் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? அந்த வாரம் காலை அசெம்பிளியில் மறுபடியும் விழுந்திருந்தாள். உதடு வெளுத்து, பேசினால் மூச்சு வாங்கியது. இன்னொரு புதனைத் தவறவிட்டால் இவள் இருப்பாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாயிடம் கெஞ்சாமல் கிடைக்கக்கூடிய குழந்தை அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது, என் மகள். பிந்து சிஸ்டரிடம்கூட நான் அவளை வராந்தா வரைக்கும்தான் கொடுப்பேன்.

தடுப்பூசி நாளில் டீச்சர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கோகிலா வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் என் மகளை அவள் இடுப்பில் வைத்தேன். வைத்த பிறகும் என் கை விடவில்லை. அவளாகத்தான் விலகி நடந்தாள். நான் கொஞ்சம் பின்னால், போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுகிற மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு போனேன். சரியாக சொசைட்டிக்கு முன்னால் வந்ததும் கோகிலா தள்ளாடினாள். குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓட வேண்டும். ஓடினால் எல்லாம் போச்சு. வரிசை மொத்தமும் திரும்பியது. "யாரு கொழந்தை அம்மிணி?" என்று பால் அளக்கிறவர் கேட்டார். "டீச்சரோடதுங்க. தடுப்பூசிக்கு" என்றாள் மூச்சு வாங்க. என் மகள் கையை நீட்டி அவருடைய அளவுக் குவளையைப் பிடுங்கப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் கோகிலா எழுந்துகொண்டாள். அவள் உள்ளே போன பிறகு நான் அந்தப் படியைத் தாண்டும்போது பால் அளக்கிறவர் பக்கத்து ஆளிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "பெத்த கொழந்தையத் தூக்கறதுக்கே ஆளு வெச்சிருக்குது பாரு. இது ஊருப் புள்ளைகளுக்குப் புத்தி சொல்லுதாம்."

காய்ச்சல்

கோகிலாவின் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும், அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார். கோகிலாவின் அம்மா காலிக் கேனோடு வந்தார். மகள் கட்டிலில் கிடக்கிறாள். பக்கத்தில் என் மகள் அவள் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கொழந்தையக் காட்டி என்ற புள்ளைய இங்க வரவெச்சுப்போட்டீங்க. அன்னைக்கு நீங்க மாத்திரை முழுங்கறப்பவே நான் நம்பலீங்க" என்றார். டாக்டர் சொல்வது காதில் ஏறியதா, தெரியவில்லை. வாசலில் ஜீப் வந்து நின்றது. ஜீப்பைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "என்ற புள்ள இத்தனை பேரு பாக்க இந்த வாசல்ல ஏற மாட்டா" என்று சொல்லிக்கொண்டே மகளின் கையைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. ஜில்லென்று இருந்திருக்க வேண்டும்.

பிறகு அவர் செய்ததற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேனைக் கீழே வைத்தார். என் மகளைத் தூக்கி, தலையோடு முந்தானையால் மூடி இடுப்பில் வைத்தார். இன்னொரு கையால் கோகிலாவை எழுப்பி அணைத்துக்கொண்டார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்: "டீச்சரு கொழந்தைக்குக் காச்சலு அனலாக் கொதிக்குதுங்க! சித்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறமுங்க, தள்ளுங்க!" கூட்டம் விலகியது. கோகிலாவை யாரும் பார்க்கவில்லை. இருட்டைக் கண்டு என் மகள் முந்தானைக்குள் வீறிட்டாள். அதுவும் பொருத்தமாகப் போயிற்று. ஜீப் என்னை விட்டுக் கிளம்பிவிடுமோ என்று செருப்பில்லாமல் ஓடினேன். காய்ச்சல்காரக் குழந்தையின் தாயாக நடிக்க எனக்கு ஒன்றும் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் வரைக்கும் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கோகிலாவின் உதட்டில் லேசாக நிறம் திரும்பியது. அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை யாரிடமும் தராமல் வைத்திருந்த என் மகளை அப்போதுதான் என்னிடம் நீட்டினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "கேட்டுக்கங்க டீச்சர். இவளைக் காட்ட இன்னும் ரெண்டு மூணு தடவை வரோணுமாமுங்க. அதுவரைக்கும் உங்க கொழந்தைக்குக் காச்சல் விடக்கூடாது, சொல்லிப்போட்டேன்."

எங்கள் எல்லையோரத்தில் இளம்பருவத்தினரின் ஆரோக்கியம் முன்னேறியிருக்கிறதா என்று மேலிடத்தில் கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர் குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி என்று பால் சொசைட்டியில் கேட்டால் மட்டும், "இன்னும் விடலைங்க" என்று தடுமாறாமல் சொல்லிவிடுகிறேன்.